தரங்கம்பாடி: ஈயக் காசில் நடந்த ஊர்

திருக்கடையூர் வழியாகத் தரங்கம்பாடிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் கடலையும் டேன்ஸ்பர்க் கோட்டையையும் போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு வேறொன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்து இங்கே குடியேறிய கையளவு மனிதர்கள், அன்றாடம் அரிசியும் மீனும் விறகும் எதைக் கொடுத்து வாங்கினார்கள்?

1792 என்று ஆண்டு பொறித்த நகர வாசலைக் கடந்து ராஜ வீதியில் நேராக நடந்தால் கோட்டை. மேல்தளத்தில் ஆளுநர் வாசம். கீழே வளைவுக் கூரை போட்ட கிடங்குகள். வெளியே வெயில் கொளுத்தும்போதும் உள்ளே குளுமை. கண் இருட்டுக்குப் பழகியதும் சுவரைத் தொட்டுப் பாருங்கள், என்ன கனம்! பீரங்கியைவிட இந்தக் கிடங்குகளுக்காகத்தான் இப்படி ஒரு கோட்டை தேவைப்பட்டிருக்கும்.

1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கர் ஆண்டு வாடகை பேசி இந்த இடத்தைக் கொடுத்தார். வந்தவர்களுக்கு வேண்டியது மிளகு. ஆனால் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரும் சரக்கை இங்கே யாரும் பெரிதாகச் சீண்டவில்லை, வெள்ளிக்குத்தான் மதிப்பு. அந்த வெள்ளியோ எப்போதும் பற்றாக்குறை. அப்போது கைகொடுத்தது நம் நெசவாளர்களின் துணி. சோழமண்டலத் துணியை மூட்டை மூட்டையாக இன்றைய இந்தோனேசியாவில் உள்ள மக்காசர் துறைமுகத்துக்குக் கொண்டுபோனால் அங்கே கிராம்பு கிடைக்கும். துணி கொடுத்துக் கிராம்பு வாங்குவதுதான் கணக்கு. உள்ளூர் வியாபாரி முன்பணம் வாங்கி, அதை நெசவாளிக்குக் கொடுத்து, துணி வந்ததும் கழித்துக்கொள்வார். கோட்டையின் படங்களில் இந்த வியாபாரியும் இல்லை, தறியில் உட்கார்ந்தவரும் இல்லை என்பது எனக்கு ஆற்றாமைதான்.

சரி, சந்தைக்கு? அதற்குத்தான் ஈயக் காசு. விரல்நுனி அளவுதான் இருக்கும், ஓரம் சீராக இருக்காது. சிலவற்றில் கப்பல்களின் பெயரையே பொறித்திருக்கிறார்கள். பின்னால் செம்புக் காசும் வந்தது. 80 காசு ஒரு பணம், 8 பணம் ஒரு ரூபாய் என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஒரு ரூபாயை 640 துண்டாக்கியிருக்கிறார்கள் என்றால், எவ்வளவு சின்னச் சின்ன வாங்கல்களில் அந்த ஊர் ஓடியது என்று யோசியுங்கள். ஒரு பிடி கீரை வாங்க வராகன் என்ற தங்கக் காசை நீட்ட முடியுமா?

அப்புறம் வந்தது பெரிய கப்பல் வறட்சி. 1640களின் நடுவிலிருந்து 1669 வரை டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இந்த வியாபாரத்தை நடத்திய டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியே 1650இல் கலைக்கப்பட்டுவிட்டது. 1655க்குப் பிறகு கோட்டையில் மிஞ்சிய டேனிஷ்காரர் எஸ்கில்ட் கோங்ஸ்பாக்கே ஒருவர்தான். வாடகை பாக்கிக்காக நாயக்கரின் ஆட்கள் முற்றுகையிட்டார்கள். வங்காளக் கப்பல்களைப் பிடித்து, சரக்கை விற்று, ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பிச் சமாளித்தார் அவர். வணிகம் என்ற பெயரில் நடந்த கொள்ளை அது. அவருடைய துணிச்சலைப் பாராட்டுகிறவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். உள்ளூர்க்காரர்கள் கூட நிற்காமல் தனியொரு ஆள் அத்தனை வருடம் தாக்குப்பிடித்திருக்கவே முடியாது.

1845இல் தரங்கம்பாடியும், டேனிஷ்காரர்கள் வசமிருந்த வங்காளத்துச் செராம்பூரும் சேர்த்து 12½ லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்கு மாறின. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டது. நீங்கள் போனால் மாடியிலிருந்து கடலைப் பார்ப்பதற்கு முன்னால் கீழே உள்ள கிடங்குகளுக்குள் கொஞ்ச நேரம் நில்லுங்கள். இந்த ஊரின் பிழைப்பு அங்கேதான் நடந்தது.