லூக்கா 18: பரிசேயன் கேட்காதது

லெந்து (ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம்) நாட்களில் தரங்கம்பாடி, தஞ்சை பக்கத்து ஜெபக்கூட்டங்களில் இந்த உவமை அடிக்கடி வரும்: இயேசு சொன்ன கதை. ஆலயத்தில் ஜெபம்பண்ண இரண்டு பேர் வந்தாங்க, ஒருத்தன் பரிசேயன் (நியாயப்பிரமாணத்தைக் கண்டிப்பா கைக்கொண்ட யூதப் பிரிவினன்), இன்னொருத்தன் ஆயக்காரன் (வரி வசூலிக்கிறவன்). பரிசேயன், "மற்றவங்களைப்போல நான் இல்லை"ன்னு கடவுளுக்கு நன்றி சொன்னான். நியாயப்பிரமாணம் (மோசேயின் சட்டம்) கட்டாயமாக்கியது வருஷத்துக்கு ஒருநாள் உபவாசம்தான் (லேவியராகமம் 16). பரிசேயன் வாரத்துக்கு இரண்டு நாள் இருந்தான், தசமபாகமும் (பத்தில் ஒரு பங்கு) கொடுத்தான். கணக்கில் பொய்யில்லை. ஆனா கவனிச்சுப் பாருங்க, அந்த ஜெபத்தில் அவன் எதையுமே கேட்கலை. ஆயக்காரன் கேட்டான்: "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்."

பிரசங்கம் முடிஞ்சதும், "நல்லவேளை, நான் அந்தப் பரிசேயன் மாதிரி இல்லை"ன்னு தோணுதே, கோளாறு அங்கதான். "என் விசுவாசம் பெருசு"ங்கிறதும் அதே ரகம். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு கொண்டுவந்த லுத்தரன் (மார்ட்டின் லூத்தர் வழி) போதனைப்படி, விசுவாசம் கடவுள் இலவசமா தர்ற ஈவை வாங்குகிற வெறுங்கை. கூலி கேட்கிற கை இல்லை.

பிள்ளைகளுக்கு எபேசியர் 2:8, 9 (இரட்சிப்பு கிருபையால், கிரியையால் அல்ல) மனப்பாடம் பண்ணவைக்கும்போது 10ஐயும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்க. நற்கிரியை அங்கே வருது, கிருபைக்கு அப்புறமா.