கோப்பு வரவில்லையா, நாம்தான் பார்க்கவில்லையா?

தினமும் காலை வங்கியின் சர்வரில் வசூல் கோப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துப் பதிவு செய்ய வேண்டும். எங்கள் பக்கம் ஏஎஸ்/400, ஐபிஎம்மின் பிசினஸ் கம்ப்யூட்டர். 2008-லேயே ஐபிஎம் ஐ என்று பெயர் மாறிவிட்டது, ஆனால் ஆபீசில் யாருக்கும் அது வாயில் வருவதில்லை.

முதலில் சிஎல்லில், அதாவது அந்த மெஷினின் கமாண்ட் மொழியில், சின்ன புரோகிராம் ஒன்று எழுதினேன். இன்புட், அவுட்புட் இரண்டையும் எங்கள் லைப்ரரியிலிருந்த ஃபைல்களுக்குத் திருப்பிவிட்டு கோப்பு பரிமாற்றத்துக்கான எஃப்டிபி கமாண்டை ஓடவிட்டேன். கோப்பு இல்லையென்றால் எரர் வரும், எரரைப் பிடிக்கும் சிஎல் கமாண்டான மான்எம்எஸ்ஜி பிடித்துக்கொள்ளும் என்று நினைத்தேன். எதுவும் வரவில்லை. உள்ளே எது தோற்றாலும் கமாண்ட் சமர்த்தாக முடிந்துவிடுகிறது. நடந்ததெல்லாம் அவுட்புட்டில்தான் இருக்கிறது. சரி, அதைப் படித்து, 550 என்ற தோல்வி எண் இருந்தால் கோப்பு இல்லை என்று வைத்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அதுவும் பொய்த்தது. சில சர்வர்கள் கோப்பு இல்லாவிட்டாலும் 226, அதாவது 'வேலை முடிந்தது' என்று சொல்லி காலிப் பட்டியலைத் தருகின்றன.

அப்புறம் வங்கி எஸ்எஃப்டிபிக்கு, அதாவது மறையாக்கத்தோடு கோப்பு அனுப்பும் முறைக்கு, மாறச் சொன்னது. ஆள் இல்லாமல் தானாக ஓடும் பேட்ச் முறையில் பாஸ்வேர்டு கேட்காது, அதற்குப் பதில் ஒரு ரகசியச் சாவியும் அதன் பொதுச் சாவியுமான ஜோடிதான் வேண்டும். உருவாக்கி, பொதுச் சாவியை வங்கிக்கு அனுப்பி, என் ஸ்க்ரீனில் சோதித்தால் அருமையாக ஓடியது. மறுநாள் காலை, ஜாப்களை நேரத்துக்கு ஓட்டும் ஷெட்யூலரில் தோற்றது. அரை நாள் தலையைப் பிய்த்துக்கொண்டபின் புரிந்தது: ஷெட்யூலர் ஜாப் வேறு யூசர் புரொஃபைலில் ஓடுகிறது. என் சாவியும், நான் 'யெஸ்' சொல்லி ஏற்ற சர்வர் அடையாளமும் என் ஹோம் டைரக்டரியில்தான் இருக்கின்றன. அந்த புரொஃபைலுக்குத் தனியாகச் செய்துகொடுத்தேன்.

இன்னொரு சிக்கல் மிச்சமிருந்தது. கோப்பின் பெயரைக் கொடுத்து எல்எஸ் (பட்டியல் கேட்கும் கமாண்ட்) கேட்டால், கோப்பு இல்லை என்பதும் தோல்வி, லைன் போனாலும் தோல்வி. இப்போது பெயரே கொடுப்பதில்லை. முழு டைரக்டரியையும் பட்டியல் எடுத்து ஐஎஃப்எஸ்ஸில் (எங்கள் மெஷினின் ஃபைல் சிஸ்டம்) போட்டு, ஆர்பிஜி மொழியில் எழுதிய புரோகிராமில் பெயரைத் தேடுகிறேன். டைரக்டரி காலியாக இருந்தால் எல்எஸ் தோற்காது. தோற்றால் இணைப்பிலோ அனுமதியிலோ கோளாறு என்று அர்த்தம். அந்தத் தோல்வி சிஎல்லுக்குத் தெரிய ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் இருக்கிறது: க்யூஐபிஎம்_க்யூஎஸ்ஹெச்_சிஎம்டி_எஸ்கேப்_எம்எஸ்ஜி. அதில் 'ஒய்' போட வேண்டும். பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அது இல்லாமல் ஒன்றும் நகராது.

பழைய பட்டியலை முதல் வேலையாக அழிக்கவும் வேண்டும். ஒரு நாள் இணைப்பே இல்லாதபோது நேற்றைய பட்டியலைப் படித்து, 'கோப்பு வந்துவிட்டது' என்று கணக்குப் பிரிவுக்கு மெயில் போனது. அவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.