6,812 கிலோமீட்டர்

"சீக்கிரம் பாருங்க தம்பி, வெயில் ஏறிட்டா அழிஞ்சிரும்" என்றார் அண்ணாச்சி.

2019 ஜனவரி, மார்கழி முடிய இன்னும் நாலைந்து நாள் இருந்தது. காலை ஆறேகால் மணி. தென்காசிப் பக்கம் ஒரு சிற்றூரில் அவர் வீட்டு வாசலில் நிற்கிறேன். எதிரே இரண்டு மாதங்களுக்கு முன்பு தீபாவளிக்கு அவர் வாங்கிய அடர் சாம்பல் நிறக் கார். கூரை, பானெட், கண்ணாடி எல்லாம் பனி பூத்திருந்தது. டிரைவர் பக்கக் கதவிலும் பனி இருந்தது, ஆனால் சில இடங்களில் மட்டும் படியவில்லை. படியாத இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் சாய்வாக, ஒரு சாண் உயரத்தில் ஆங்கில எழுத்துகள். முதல் மூன்று மங்கல். அதன் பிறகு தெளிவாக வாசிக்க முடிந்தது: 'டெஸ்ட் டிரைவ்'.

ஸ்டிக்கரை உரித்து, பாலிஷ் போட்டு, வாக்ஸ் தேய்த்துக் கொடுத்திருக்கிறார்கள். பகல் வெளிச்சத்தில் ஒன்றும் தெரியாது. பசையின் மிச்சம் பெயிண்டின் மேல் இருக்கிற வரை அந்த இடத்தில் பனி வேறு மாதிரிதான் படியும் என்பது பாலிஷ் போட்ட பையனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. கார் கம்பெனியில் பதினாறு வருடம் குப்பை கொட்டிய எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அப்போது நான் அந்தக் கம்பெனியில் ஏரியா சர்வீஸ் மேனேஜர். மதுரைக்குத் தெற்கே 11 ஒர்க்ஷாப் என் பொறுப்பு. வாடிக்கையாளரின் புகார் டீலரைத் தாண்டி ஹெட் ஆபீசுக்குப் போனால் திரும்பி வந்து நிற்கிற இடம் என் மேஜை. ஏசி குளிரவில்லை, மைலேஜ் தரவில்லை, டேஷ்போர்டில் கிர் கிர் என்கிறது. இந்த மாதிரிதான் வரும். "பழைய வண்டியைப் புதுசு என்று கொடுத்துவிட்டார்கள்" என்றும் வருடத்துக்கு நாலைந்து வரும். அதில் பெரும்பாலானவை உண்மையில் ஸ்டாக் வண்டிகள். பிப்ரவரியில் தயாரான காரை அக்டோபரில் விற்பது குற்றமில்லை, ஆர்சியிலேயே தயாரிப்பு மாதம் அச்சாகியிருக்கும். விற்கும்போது அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் பேச்சு. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்து, ஒரு போனில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். டீலரின் சர்வீஸ் மேனேஜர், "கதவுல ஏதோ கறைன்னு சொல்றார் சார், பெரிய தொந்தரவு பார்ட்டி" என்று சொல்லியிருந்தார்.

தொந்தரவு பார்ட்டி ஒரு டம்ளர் சுக்குக் காபியும் டார்ச் லைட்டும் கொண்டுவந்தார். டயரைப் பார்த்தோம். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். பின்பக்க டயர் இரண்டிலும் 0418. 2018ஆம் வருடத்தின் நாலாவது வாரம். பிப்ரவரியில் தயாரான வண்டிக்குச் சரியான கணக்கு. முன்பக்க டயர் இரண்டிலும் 3318. அதாவது ஆகஸ்ட் மாதம்.

விளக்கிச் சொன்னதும் அண்ணாச்சி டார்ச்சை வாங்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி, தானே நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். மளிகைக் கடைக்காரர். தேதி பார்ப்பது அவருக்குப் பழகிப்போன வேலை.

"ஆகஸ்ட்ல பொறந்த டயரு பிப்ரவரில பொறந்த வண்டில எப்படி வந்துச்சு?"

நான் பதில் சொல்லவில்லை.

"ரஸ்க் பாக்கெட்டு தேதி தாண்டிட்டுன்னா கம்பெனிக்காரன் திருப்பி எடுத்துக்கிடுதான். அதை நான் தேதியை அழிச்சுட்டு அடுக்கி வச்சா, இன்ஸ்பெக்டரு என்னைய விடுவானா? சொல்லுங்க."

வண்டியை ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோய் ராம்பில் ஏற்றினோம். மீட்டர் 2,140 காட்டியது. முன்சக்கர பிரேக் டிஸ்கின் ஓரத்தில் விரல் நகம் தட்டுகிற அளவுக்கு விளிம்பு ஏறியிருந்தது. கிளட்ச் பெடல் ரப்பரின் இடது மூலை தேய்ந்து வழவழத்திருந்தது. பல பேர் பல விதமாக மிதித்தால்தான் அப்படித் தேயும். இரண்டாயிரம் கிலோமீட்டர் ஒரே ஆள் ஓட்டிய வண்டியில் அது வராது. சுற்றி நின்ற மெக்கானிக் பையன்கள் யாரும் வாய் திறக்கவில்லை. அந்த வண்டியை அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று அவர்கள் நின்ற நிலையே சொன்னது.

ஒரு டீலர் ஏன் இப்படிச் செய்கிறார் என்று கேட்டால், திருட்டுப் புத்தி என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. வாங்க வருகிறவருக்கு ஓட்டிக் காட்டுகிற டெமோ வண்டியை முறைப்படி டீலர் பெயரில் ரிஜிஸ்டர் செய்தால் ஆயுள் வரி கட்ட வேண்டும். அப்போது தமிழ்நாட்டில் பத்து லட்சம் வரையிலான காருக்கு அது 10 சதவீதம். ஏழு லட்ச ரூபாய் வண்டி என்றால் எழுபதாயிரம். ரிஜிஸ்டர் ஆன பிறகு அது செகண்ட் ஹேண்ட். விற்கும்போது இன்னும் ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் இறங்கும். அதனால் ரிஜிஸ்டர் செய்யாமலே டிசி பிளேட்டில், அதாவது டீலருக்குக் கொடுக்கிற டிரேடு சர்டிபிகேட் நம்பரில், அந்தச் சிவப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில், ஓட்டுவார்கள். ஓட்டிக் காட்ட டிசியில் போகலாம் என்று மத்திய மோட்டார் வாகன விதி 41 அப்போது அனுமதித்தது. ஓட்டிக் காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. ஷோரூம் ஜிஎம் வீட்டுக்குப் போவது, முதலாளி குடும்பம் திருச்செந்தூர் போவது எல்லாம் அந்தச் சிவப்புப் பலகையில்தான். ஆறு ஏழு மாதம் கழித்து பலகையைக் கழற்றினால் காகிதத்தில் வண்டி இன்னும் பிறக்கவே இல்லை. முதல் சொந்தக்காரர் என்று யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம்.

அன்று ராத்திரி திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்து சேசிஸ் நம்பரை அடித்தேன். பதினேழு எழுத்து. ஒன்றையும் சைபரையும் குழப்பக்கூடாது என்று ஐ, ஓ, கியூ மூன்றையும் அதில் சேர்ப்பதே இல்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக வடிவமைத்த நம்பர். வரலாறு திரையில் வந்தது. தீபாவளிக்கு விற்பனை. நவம்பர் கடைசியில் முதல் ஃப்ரீ சர்வீஸ். அதற்கு முன்னால், செப்டம்பரில், ஒரு வாரண்டி கிளெய்ம்: மீட்டர் கன்சோல் மாற்றம், காரணம் டிஸ்பிளே மங்கல். பழுதின்போது ஓடியிருந்த தூரம் 6,812 கிலோமீட்டர்.

புது கன்சோல் சைபரிலிருந்து தொடங்கும். மாற்றினால் பழைய ரீடிங்கை சர்வீஸ் புத்தகத்தில் அதற்கென்று இருக்கிற பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அண்ணாச்சியின் புத்தகத்தில் அந்தப் பக்கம் வெள்ளையாக இருந்ததைக் காலையிலேயே பார்த்திருந்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

கிளெய்மை அனுமதித்தவர் என்ற கட்டத்தில் என் பெயர் இருந்தது.

மாதக் கடைசியில் ஒரு ஒர்க்ஷாப்பில் எண்பது, தொண்ணூறு கிளெய்ம் பார்ப்பேன். விற்காத வண்டி, ஓடியது 6,812 என்று ஒரே வரியில் இருந்திருக்கிறது. டெமோ வண்டியாக இருக்கும் என்று தாண்டிப் போயிருப்பேன். அது சரிதான், டெமோ வண்டிதான். கழற்றிய பாகங்களை டீலர் மறுபடி பயன்படுத்தாமல் இருக்க, எங்கள் கண்முன்னே உடைத்து ஸ்கிராப் போட வேண்டும் என்பது விதி. அந்தக் கன்சோலில் சீட்டுக் கட்டியிருந்திருக்கும். நான் தலையாட்டியிருப்பேன், பையன் சுத்தியலால் அடித்திருப்பான். உண்மையான கிலோமீட்டரைக் காட்டிய ஒரே சாட்சியை என் மேற்பார்வையில் உடைத்திருக்கிறார்கள்.

மறுநாள் சர்வீஸ் மேனேஜர் போன் செய்தார். மரியாதையாகத்தான் பேசினார். கடைசியில், "அந்த கன்சோல் கிளெய்ம்ல உங்க அப்ரூவல் இருக்கு சார்... உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

ரிப்போர்ட் எழுதினேன். கதவு எழுத்து, டயர் தேதி, டிஸ்க் விளிம்பு எல்லாம் எழுதினேன். கன்சோலை எழுதவில்லை. மூன்று நாள் எழுதவில்லை. நாலாவது நாள் எழுதினேன். மனசாட்சி உறுத்தியது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது வேறு. வண்டியின் முழு சர்வீஸ் வரலாற்றையும் எழுத்துமூலம் கேட்டு அண்ணாச்சி பதிவுத் தபால் அனுப்பிவிட்டார். எப்படியும் வெளியே வரப்போகிறது என்று தெரிந்தபிறகுதான் என் கை நகர்ந்தது.

ரீஜனல் ஆபீசில் லீகல் ஆள் ஒரு பதிலைத் தயாராக வைத்திருந்தார். இந்த வகைப் புகார் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், பெயரும் தேதியும் மட்டும் மாறும். டீலர் எங்கள் ஏஜென்ட் அல்ல, அவரோடு எங்களுக்குள்ள உறவு பிரின்சிபல் டு பிரின்சிபல், காரை அவருக்கு விற்றதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது, அவர் உங்களிடம் என்ன சொன்னார் என்பது எங்களுக்குத் தெரியாது. அந்த வாதம் சட்டத்தில் நிற்கக்கூடியதுதான். இரண்டு வருடம் கழித்து, 2021 பிப்ரவரியில், கோவாவிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமே அப்படிச் சொன்னது. 2011 மாடல் என்று பணம் வாங்கிக்கொண்டு, 622 கிலோமீட்டர் ஓடிய 2009ஆம் வருட வண்டியை டீலர் தலையில் கட்டிய வழக்கு. டீலர் பொறுப்பு, தயாரிப்பாளருக்கு அது தெரிந்திருந்தது என்று நிரூபிக்காதவரை தயாரிப்பாளர் பொறுப்பில்லை என்று தீர்ப்பு. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றைக்குக் கட்டைவிரல்கள் குவிந்தன.

எனக்கு 'தெரிந்திருந்தது' என்ற அந்த ஒரு சொல்லில்தான் கண் நின்றது. அண்ணாச்சியின் காரை டெமோ என்று எங்கள் சேல்ஸ் டிபார்ட்மென்டுக்குத் தெரியும், அதற்காக டீலருக்கு மானியமே கொடுத்திருந்தார்கள். 6,812 ஓடியது என்று வாரண்டி டிபார்ட்மென்டுக்குத் தெரியும். மீட்டர் மாறியது எனக்குத் தெரியும். மூன்றும் மூன்று திரையில் இருந்தன. மூன்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்துக்கொள்கிற வேலை யாருக்கும் இல்லை. கம்பெனிக்குத் தெரியாது என்று கடிதம் எழுதியவர் பொய் சொல்லவில்லை, கம்பெனி என்று ஓர் ஆள் இருந்தால்தானே தெரிவதற்கு.

டீலர் பேரம் பேசத் தொடங்கினார். முதலில் சீட் கவரும் இரண்டு வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியும் என்றார். பிறகு 35,000 ரூபாய் ரொக்கம். "துட்டு வாங்கினா நானும் உங்க கூட்டுன்னுல்ல ஆயிரும்" என்று அண்ணாச்சி மறுத்துவிட்டு, வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார், அடுத்து மாவட்ட நுகர்வோர் மன்றம் என்று எழுதி. டீலர் அதற்கும் அசையவில்லை. கேஸ் என்றால் இழுக்கலாம் என்று அவருக்குத் தெரியும். அசைந்தது டெபிட் நோட்டுக்குத்தான், கொடுத்த பணத்தைத் திருப்பிப் பிடிக்கிற சீட்டுக்கு. டெமோ மானியத்தையும் அந்தக் கன்சோலின் விலையையும் திருப்பிப் பிடித்து, மற்ற டெமோ வண்டிகளின் சேசிஸ் பட்டியலையும் எடுத்து ஆராயப் போகிறோம் என்று ரீஜனல் மேனேஜர் மெயில் அனுப்பிய இரண்டாம் நாளே புது வண்டி தருவதாக ஒப்புக்கொண்டார்கள். புது வண்டியின் வரியையும் டீலரே கட்டினார். மற்ற சேசிஸ் பட்டியலை அதன்பிறகு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

வண்டியை விற்ற சேல்ஸ் பையனை வேலையைவிட்டு நிறுத்தினார்கள். மாதம் பதினாலாயிரம் சம்பளம், தன் டார்கெட்டுக்கு அந்த ஒரு வண்டி குறைந்தது. ஜிஎம் அதே ஷோரூமில் தொடர்ந்தார். எனக்கு ஒரு மெமோ வந்தது, விற்காத வண்டி 100 கிலோமீட்டர் தாண்டியிருந்தால் இனி மீட்டரைப் படம் எடுத்துக் கேட்கவும் என்று.

புது வண்டி டெலிவரியன்று அண்ணாச்சி டார்ச்சோடு வந்தார். நாலு டயர், ஸ்டெப்னி, சீட் பெல்ட்டில் தைத்த துணிச்சீட்டு, கண்ணாடி மூலையில் இருக்கிற குறி என்று எல்லாவற்றையும் குனிந்து வாசித்தார். முடித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அந்தப் பழைய வண்டிய என்ன செய்வாக?" என்று கேட்டார். யூஸ்டு கார் பிரிவில் விற்பார்கள், உங்கள் பெயர் ஆர்சியில் இருப்பதால் செகண்ட் ஓனர் என்றுதான் இனி விற்க முடியும் என்றேன். தலையாட்டினார்.

அந்த வருடம் ஆவணி வாக்கில் வேறொரு ஒர்க்ஷாப் ஆடிட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கேள்வி நினைவுக்கு வந்து சேசிஸ் நம்பரை அடித்துப் பார்த்தேன். நாகர்கோவில் பக்கம் ஒருவர் வாங்கியிருந்தார். போன வாரம் சர்வீசுக்கு விட்டிருக்கிறார். ஓடிய தூரம் 4,906 என்று இருந்தது. மீட்டர் காட்டியதை அட்வைசர் அப்படியே ஏற்றியிருக்கிறார். குறிப்பு என்ற கட்டத்தைத் திறந்து, 'கன்சோல் மாற்றப்பட்ட வண்டி, 6,812 கிமீ கூட்டிக்கொள்ளவும்' என்று அடித்துச் சேமித்தேன். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு ஜாப் கார்டு பிரிண்ட் எடுக்கச் சொன்னேன். ஒர்க்ஷாப் காப்பியில் குறிப்பு இருந்தது. வாடிக்கையாளர் காப்பியில் அந்தக் கட்டமே கிடையாது.