பாஹாவுக்கு ஆர்வி ஓட்டிப் போகலாமா?

குளிர்காலம் வந்துவிட்டால் அமெரிக்காவின் அரிசோனாவில் இருக்கும் ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ் நண்பர்கள் யாராவது என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "மெக்சிகோவுக்கு ஆர்வியை ஓட்டிக்கொண்டு போகிறீர்களே, பத்திரம்தானா?" ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நாங்கள் போவது பெரும்பாலும் பாஹாவுக்கு, அமெரிக்காவின் கலிஃபோர்னியாவுக்குத் தெற்கே நீளும் மெக்சிகோ தீபகற்பம் அது. ஆர்வி என்பது அடுப்பு, படுக்கை எல்லாம் உள்ள வீட்டு வண்டி. எங்கள் வண்டியில் ஐந்து பேர் உட்காரலாம். அந்த ஐந்து பேருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. யார் எந்தப் பாஸ்போர்ட்டில் வருகிறார்கள், யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்த பிறகுதான் நாங்கள் கிளம்புகிறோம். அந்தக் கணக்கை இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலில் காகிதங்கள். என் மகன் இங்கே பிறந்தவன், அவனுக்கு அமெரிக்க பாஸ்போர்ட் போதும். நான், என் கணவர், மகள் மூவருக்கும் இந்திய பாஸ்போர்ட், கிரீன் கார்டு. அமெரிக்க கிரீன் கார்டு இருந்தால் மெக்சிகோ தனியாக விசா கேட்பதில்லை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருக்கும் இந்தியர்களுக்கும் அப்படித்தான். எல்லையில் சுற்றுலா அனுமதிச் சீட்டு மட்டும் வாங்க வேண்டும். தரைவழியாகப் போய் ஏழு நாளுக்குள் திரும்புவதாக இருந்தால் அதற்குக் கட்டணம் இல்லை.

சிக்கல் வேறொரு கூட்டத்துக்கு. எச்1பி என்ற வேலை அனுமதிக்கு நீட்டிப்பு வந்துவிட்டது, எந்தத் தேதிவரை அமெரிக்காவில் இருக்கலாம் என்று காட்டும் ஐ-94 பதிவும் செல்லும், ஆனால் பாஸ்போர்ட்டில் குத்திய விசா மட்டும் காலாவதி. நம் ஆட்களில் நிறையப் பேர் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். மெக்சிகோவில் 30 நாளுக்கு மிகாமல் இருந்துவிட்டுத் திரும்பினால் காலாவதியான விசாவோடும் அமெரிக்காவுக்குள் வரலாம் என்று ஒரு விதி உண்டு. ஆட்டோமேட்டிக் ரீவேலிடேஷன் என்பார்கள். அதைக் கேட்டதும் சந்தோஷப்பட்டுப் பெட்டி கட்டுகிறவர்கள் மெக்சிகோவின் விதியைப் பார்ப்பதில்லை. காலாவதியான அமெரிக்க விசாவை மெக்சிகோ ஏற்காது. மெக்சிகோ தூதரகத்தில் முறையாக விசா வாங்கியிருக்க வேண்டும். அங்கே இருக்கும்போது புதிய அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பித்தால் அந்தச் சலுகையும் போய்விடும். நாங்களும் அந்த நிலையில் சில வருடங்கள் இருந்தோம். அப்போது ஆர்வியில் யூட்டா போனோம், கிராண்ட் கேன்யன் போனோம், தெற்கே போகவில்லை. வேலை, வீடு, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இந்தப் பக்கம் இருக்கும்போது, திரும்பி வருவதில் ஒரு சின்ன சந்தேகம் இருந்தாலும் அது எனக்குப் பெரிய சந்தேகம்தான். கிரீன் கார்டு கைக்கு வந்த பிறகுதான் பாஹா.

அடுத்தது வண்டி. வாடகை ஆர்வி எடுத்துப் போகலாமா என்று கேட்கிறார்கள். அமெரிக்க வாடகை நிறுவனங்கள் பெரும்பாலும் மெக்சிகோவுக்கு விடுவதில்லை, ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். சொந்த வண்டியாக இருந்து கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் அனுமதிக் கடிதம் வேண்டும். பாஹா தீபகற்பத்துக்கு வண்டிக்கான தற்காலிக இறக்குமதிச் சீட்டு தேவையில்லை, அது ஒரு பெரிய சௌகரியம்.

ஆனால் இன்சூரன்ஸ் விஷயத்தில் கைகட்டிக்கொண்டு இருக்க முடியாது. இங்கே நாம் கட்டும் பாலிசியில் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான பகுதியை மெக்சிகோ ஏற்பதில்லை. மெக்சிகோ நிறுவனத்தின் பாலிசிதான் செல்லும். அங்கே ஒரு விபத்தில் யாருக்காவது காயம் பட்டால், நஷ்டஈட்டுக்குப் பொறுப்பேற்க வழி இருக்கிறது என்று நிரூபிக்கும்வரை ஓட்டியவரைக் காவலில் வைக்கலாம். அதனால் வக்கீல் உதவியும் சேர்ந்த பாலிசியாகப் பார்த்து வாங்குகிறோம். அங்கே மட்டும் நான் விலை பேசுவதில்லை.

அரிசோனாவில் பழைய ஆர்வி வாங்கியவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பாக்கியோ தோட்டாவோ மெக்சிகோவுக்குள் கொண்டுபோவது கடுமையான குற்றம், தெரியாமல் கிடந்தது என்று சொன்னாலும் சிறைக்குப் போக நேரலாம். எங்கள் வண்டியை எங்களுக்கு முன் வைத்திருந்தவர் வேட்டைக்குப் போகிறவர். எல்லைக்குப் போகும் முன்பு நானும் என் கணவரும் ஒவ்வொரு இழுப்பறையையும் கழற்றி, மெத்தைக்கு அடியில், படிக்கட்டுக்குள் எல்லாம் டார்ச் அடித்துத் தேடினோம். சாப்பாட்டு மேசை இருக்கைக்குக் கீழே ஒரு தோட்டா கிடைத்தது. அன்று முதல் ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் தேடுகிறோம். மருந்துப் பெட்டியிலும் இதே கவனம் வேண்டும். நம் வீடுகளில் எப்போதும் இருக்கிற விக்ஸ் இன்ஹேலர், சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரை இரண்டும் மெக்சிகோவில் தடை. வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுங்கள்.

சரி, சாலை. என்னைக் கேட்டால் பாஹாவில் பெரிய ஆபத்து இதுதான். எல்லோரும் கொள்ளைக்காரர்களைப் பற்றிக் கேட்கிறார்கள், மாடுகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை. டிஹுவானாவில் தொடங்கி கபோ சான் லூக்காஸ் வரை ஏறக்குறைய 1,700 கிலோமீட்டர் போகும் முதலாம் எண் நெடுஞ்சாலை 1973-இல்தான் முழுதாகத் திறக்கப்பட்டது. பல இடங்களில் ஆர்விக்கும் எதிரே வரும் லாரிக்கும் நடுவே ஒரு கை அகலம் மிஞ்சினால் அதிகம். ஓரத்தில் ஒதுங்க இடமே இருக்காது, தார் முடிகிற இடத்தில் பள்ளம். இருட்டிய பிறகு மாடுகள் சூடான தாரில் வந்து படுத்துக்கொள்ளும். அதனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம்: மாலை நாலு மணிக்குள் வண்டி நின்றுவிட வேண்டும். அடுத்த ஊர் அரை மணி நேரத்தில் வந்துவிடும் என்று மேப் காட்டினாலும் நாலு மணி என்றால் நாலு மணிதான்.

நாங்கள் டிஹுவானா பக்கம் போவதில்லை. யூமா வழியாக வந்து, கலெக்சிகோ கிழக்குச் சாவடியில் எல்லையைக் கடந்து, மெக்சிகாலியைத் தாண்டி, ஐந்தாம் எண் சாலையில் சான் ஃபெலிப்பே. அங்கே முதல் இரவு. மெக்சிகாலி பள்ளத்தாக்கின் கிளைச் சாலைகளுக்குள் திரும்புவதில்லை, நெடுஞ்சாலையை விட்டு விலகுவதும் இல்லை. சான் ஃபெலிப்பேயிலிருந்து தெற்கே கடலை ஒட்டியே போய், சப்பாலா அருகே முதலாம் எண் சாலையில் சேரலாம். சான் ஃபெலிப்பேயில் டேங்கை நிரப்பினால், நம்பிப் போகக்கூடிய அடுத்த பெட்ரோல் குரேரோ நெக்ரோ பக்கம்தான். ஏறக்குறைய 400 கிலோமீட்டர். வழியில் போன் சிக்னல் மணிக்கணக்கில் இருக்காது. வண்டி நின்றுபோனால் ஆங்ஹெலெஸ் வெர்தெஸ் என்ற அரசுப் பச்சை வண்டிகள் ரோந்து வரும். எண் 078. உதவிக்குக் காசு கேட்க மாட்டார்கள், உதிரிபாகத்துக்கு மட்டும் கொடுத்தால் போதும்.

முன்னால் போகும் லாரி இடது பக்க விளக்கைப் போட்டால், "வா, முந்திக்கொள்" என்று அர்த்தமாக இருக்கலாம், அவரே இடது பக்கம் திரும்பப்போகிறார் என்றும் இருக்கலாம். அரசுப் பேருந்தில் முப்பது வருடம் டிரைவராக இருந்த என் மாமனாரிடம் இதைச் சொன்னேன். "லைட்டை நம்பாதேம்மா, அவன் வேகம் குறைக்கிறானா என்று மட்டும் பார்" என்றார். அதைத்தான் செய்கிறோம்.

இனி, எல்லோரும் கேட்கிற அந்தப் பயம். அது பொய்ப் பயம் என்று சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரலில் என்செனடாவுக்குத் தெற்கே, ஆளில்லாத கடற்கரையில் கூடாரம் போட்டிருந்த மூன்று இளைஞர்கள், இரண்டு ஆஸ்திரேலியர்களும் ஓர் அமெரிக்கரும், கொல்லப்பட்டார்கள். வண்டியைத் திருட வந்தவர்கள் செய்தது என்றது அரசுத் தரப்பு. அவர்களின் பெற்றோர்களை நினைத்து அந்த வாரம் முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அமெரிக்க வெளியுறவுத்துறையின் எச்சரிக்கைப் பக்கத்தை ஒவ்வொரு முறையும் மாநிலம் மாநிலமாகப் படிக்கிறேன். நான் கடைசியாகப் பார்த்தபோது நான்கு எச்சரிக்கை நிலைகளில் (நான்குதான் உச்சம்) வடக்கே பாஹா கலிஃபோர்னியா மூன்றாம் நிலையில் இருந்தது, தெற்கே பாஹா கலிஃபோர்னியா சூர் இரண்டாம் நிலையில். படித்துவிட்டு நாங்கள் எடுத்த முடிவு: வடக்கு மாநிலத்தில் வேலி போட்ட, காவலாள் இருக்கிற ஆர்வி பார்க்கில் மட்டுமே இரவு. தனியான கடற்கரை எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தெற்கே பஹியா கொன்செப்சியோன் போய்விட்டால் சாந்திஸ்பாக், எல் ரெக்கேசோன் போன்ற கடற்கரைகளில் நிறுத்துவோம். அங்கே குளிர்காலம் முழுக்க கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் வரிசையாக வண்டி போட்டிருப்பார்கள், அக்கம்பக்கம் எப்போதும் ஆள் இருக்கும். வழியில் ராணுவச் சோதனைச் சாவடிகள் வரும். இளம் சிப்பாய்கள் ஏறி அலமாரிகளைத் திறந்து பார்ப்பார்கள். ஒருவர் கூடவே நின்றால் போதும், இதுவரை எங்களிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இவ்வளவு யோசித்துப் போவதற்கு அங்கே என்னதான் இருக்கிறது? எனக்குச் சான் இக்னாசியோ காயல் ஒன்றே போதும். சாம்பல் திமிங்கிலங்கள் ஆர்க்டிக் பக்கத்துக் கடல்களிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி வந்து, இந்தக் காயல்களில் குட்டி போடும். சற்று வடக்கே இருக்கும் ஓஹோ தெ லியெப்ரே காயலுக்குள் 1850-களின் இறுதியில் சார்லஸ் ஸ்கேமன் என்ற கப்பல்காரர் நுழைந்து வேட்டையைத் தொடங்கினார். குட்டியைக் காக்க வேட்டைப் படகுகளை உடைத்ததால், வேட்டைக்காரர்கள் இவற்றுக்குப் பேய்மீன் என்று பெயர் வைத்தார்கள். இனமே அழியும் நிலைக்குப் போய்த்தான் மீண்டது. சான் இக்னாசியோவின் மீனவர்களும் நெடுங்காலம் பயந்து விலகியே இருந்தார்கள். 1972-இல் பச்சீக்கோ மயோரால் என்ற மீனவரின் படகருகே ஒரு திமிங்கிலம் வந்து விலகாமல் நின்றது. அவர் கை நீட்டித் தொட்டார். அங்கிருந்துதான் எல்லாம் மாறியது. பின்னாளில் அந்தக் காயலோரம் பெரிய உப்பு ஆலை ஒன்று வர இருந்தது, உலகம் முழுக்க எதிர்ப்பு எழுந்து 2000-இல் மெக்சிகோ அரசு அதைக் கைவிட்டது.

ஆர்வியைச் சான் இக்னாசியோ ஊரில், பேரீச்சை மரங்களுக்கு நடுவே விட்டுவிட்டு, படகுக்காரர்களின் வேனில் காயலுக்குப் போவோம். பிப்ரவரி, மார்ச்சில் போனால் குட்டிகள் ஓரளவு வளர்ந்திருக்கும். படகு அவற்றைத் துரத்தக் கூடாது, வந்தால் அவையாகத்தான் வர வேண்டும். வந்தது. தாய் கீழே நின்றுகொண்டு குட்டியை எங்கள் பக்கம் மேலே தள்ளியது. என் மகள் அதன் முகத்தைத் தொட்டாள், மூக்கருகே இருந்த முரட்டு முடியைக்கூடத் தடவினாள். நானும் தொட்டேன். நுங்கைத் தொட்டதுபோல வழுவழுப்பு, உள்ளே அழுத்தம். பேசிக்கொண்டே இருக்கிற என் மகன் வாயே திறக்கவில்லை. இதை விமானத்தில் போயும் பார்க்கலாம்தான். ஆனால் நம் அடுப்பு, நம் படுக்கையோடு ஒரே ஊரில் நாலு நாள் தங்கி, முதல் நாள் காற்று அடித்துப் படகு போகாவிட்டால் மறுநாள் போகலாம் என்று காத்திருக்க ஆர்விதான் வசதி.

மாமாவுக்கும், அதாவது டிரைவராக இருந்த என் மாமனாருக்கும், வர ஆசை. பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்திருக்கிறார், வயது எழுபத்தாறு, இதயத்தில் இரண்டு ஸ்டென்ட். காகிதத்தில் தடை இல்லை: பல முறை நுழையும் விசா செல்லுபடியில் இருக்கிறது, 30 நாளுக்குள் திரும்பினால் அதே ஐ-94-இல் உள்ளே வரலாம். ஆனாலும் உள்ளே விடுவது எல்லையில் நிற்கும் அதிகாரியின் முடிவு. அதைவிட மருத்துவம்தான் என்னை நிறுத்தியது. அவருக்கு நாங்கள் எடுத்த விசிட்டர் இன்சூரன்ஸ், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு அமெரிக்காவுக்குள்ளேயே பாதிதான் கைகொடுக்கும். சப்பாலாவுக்கும் குரேரோ நெக்ரோவுக்கும் நடுவே, சிக்னல் இல்லாத சாலையில் நெஞ்சு வலி வந்தால் நான் என்ன செய்வேன்? இதை அவரிடம் மறைக்காமல் சொன்னேன். "சரிம்மா, எனக்குத் திமிங்கிலம் வேண்டாம், கடல் போதும்" என்றார்.

அதனால் அவருக்காக, மெக்சிகோவின் சொனோரா மாநிலத்துக் கடலோர ஊரான புவெர்ட்டோ பெனாஸ்கோ. ஹீலா பெண்ட், அஹோ வழியாக லூக்வில், அங்கே எல்லையைக் கடந்து 100 கிலோமீட்டர். நிறைய அரிசோனாக்காரர்கள் போய்வரும் சாலை. சொனோரா மாநிலத்துக்கும் எச்சரிக்கை மூன்றாம் நிலைதான், ஆனால் இந்தச் சாலையில் பகல் நேரத்தில் போய்வரத் தங்கள் ஊழியர்களையே அமெரிக்க அரசு அனுமதிக்கிறது. அங்கிருந்து எங்கள் இதய மருத்துவரிடம் வந்து சேர அரை நாள் போதும். மாமா கடலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இறால் படகுகள் திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையில் மீன் சந்தைக்கு அவரே நடந்துபோய், பாஷை தெரியாமலே பேரம் பேசி இறால் வாங்கிவந்தார்.

திரும்பும்போது ஃப்ரிட்ஜில் இருப்பதை எல்லாம் எல்லையில் சொல்லிவிடுங்கள். பழம், பச்சைக் கோழி, முட்டை, முக்கியமாகக் கறிவேப்பிலை. சொல்லிவிட்டால் எடுத்துக்கொள்வதோடு சரி, மறைத்தால் அபராதம். லூக்வில் சாவடி காலை 6 முதல் இரவு 8 வரைதான். 2023 டிசம்பரில் ஒரு மாதம் அதை மூடியே வைத்தார்கள், அப்போது பெனாஸ்கோவில் இருந்தவர்கள் பல மணி நேரம் சுற்றி வேறு சாவடிக்குப் போக வேண்டியிருந்தது. மாமாவின் ஐ-94 மார்ச் வரை இருக்கிறது. அதற்குள் இன்னொரு முறை போகலாமா என்று கேட்டிருக்கிறார். சாவடி திறந்திருக்கிறதா, அவருடைய மாத்திரை இரண்டு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புவோம்.