உபாகமம் 21: சிறைபிடிக்கப்பட்ட பெண்ணுக்கு ஒரு மாதம்

போரில் பிடிபட்ட பெண்ணை மனைவியாக்கிக்கொள்ள விரும்பும் இஸ்ரவேல் வீரனுக்கு, பைபிளின் பழைய ஏற்பாட்டு நூலான உபாகமம் 21ஆம் அதிகாரம், 10 முதல் 14 வரையிலான வசனங்களில் விதிக்கும் நிபந்தனைகளைப் பற்றிக் கோலாலம்பூர்த் தமிழ்ச் சபைகளில் யாரும் பிரசங்கித்து நான் கேட்டதில்லை. அந்த ஐந்து வசனங்களும் என்னை நெடுநாளாக உறுத்தி வருகின்றன.

வீரன் அவளைப் போர்க்களத்தில் தொடக்கூடாது. தன் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். அங்கே அவள் தலையை மழித்து, நகங்களைக் களைந்து, சிறைப்பட்டபோது உடுத்தியிருந்த ஆடையை நீக்கி, தாய் தகப்பனுக்காக ஒரு மாதம் துக்கம் கொண்டாட வேண்டும். அதன் பிறகே அவன் அவளை மணக்கலாம். ஆரோனுக்காகவும் மோசேக்காகவும் இஸ்ரவேலர் அழுதது 30 நாள் என்று அதே வேதம் சொல்கிறது. தங்கள் தலைவர்களுக்குக் கொடுத்த துக்க நாட்களையே, தாங்கள் தோற்கடித்த ஊரின் பெயர் தெரியாத ஒரு தாய்க்கும் தகப்பனுக்கும் கொடுத்திருக்கிறார்கள் என்பதை நான் கவனித்தபோது, வெகுநேரம் மேற்கொண்டு வாசிக்க இயலவில்லை.

இருப்பினும் அந்த மாதம் யாருடைய நலனுக்காக என்பதில் யூத அறிஞர்களே ஒருமித்த கருத்துக் கொண்டவர்கள் அல்லர். அவளது தோற்றத்தைக் குலைத்து, வீரனின் ஆசையைத் தணிப்பதே நோக்கம் என்றார் ரபி அக்கிவா. மனித இச்சையை அடியோடு தடுக்க முடியாத நிலையில் தரப்பட்ட சலுகை என்றே, யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூது இச்சட்டத்தைப் பார்க்கிறது. பதினோராம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷி இன்னும் கடுமையானவர்: இவ்வாறு மணந்தவன் பிறகு அவளை வெறுப்பான் என்பதால்தான், வெறுக்கப்பட்ட மனைவியைப் பற்றிய சட்டம் உடனே அடுத்து வருகிறது என்றார்.

கோலாலம்பூரின் செந்தூலில் ஒரு வீட்டில் நடந்த வேதபாடத்தில் நாங்கள் இப்பகுதியை எடுத்தபோது, மருத்துவமனையில் இரவுப் பணி பார்க்கும் ஓர் அக்கா, "அந்த ஒரு மாசம் அவ யாருகிட்ட பேசியிருப்பா? அவ பாஷை அந்த வீட்டுல யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. சட்டம் அவள் அழுவதற்கு இடம் தருகிறது; அவளுக்குச் சம்மதமா என்று ஓரிடத்திலும் கேட்கவில்லை. பிடிக்காமல் போனால் அவளை விற்கக்கூடாது, அவள் விரும்பிய இடத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறது 14ஆம் வசனம். அடிமைச் சந்தைகள் நடந்த உலகில் இது பெரிய தடைதான், மறுக்கவில்லை. ஆனால் எரிந்துபோன ஊருக்கு அவள் எப்படித் திரும்புவாள்?

"அந்தக் காலத்துக்கு இது முன்னேற்றம்" என்று சொல்லி நிறுத்திக்கொள்பவர்கள் அதே பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 31ஐயும் திறக்க வேண்டும். மீதியானியர் என்ற இனத்தார்மீது இஸ்ரவேலர் நடத்திய போருக்குப் பின் உயிரோடு விடப்பட்ட கன்னிப்பெண்கள் 32,000 பேர் என்று ஆடு மாடுகளின் கணக்கோடு சேர்த்தே அங்கு எழுதப்பட்டிருக்கிறது. தீட்டுக் கழிக்க அவர்களுக்கும் ஏழு நாள் உண்டு. அழுவதற்கு நாள் குறிக்கப்படவில்லை.

இது நமக்கு எட்டாத பழங்கதை என்று நான் நினைக்கவில்லை. 1941 முதல் 1945 வரை ஜப்பானிய இராணுவம் இந்நாட்டைப் பிடித்து வைத்திருந்தபோது, பெண்களை அடைத்துப் படைவீரர்களுக்கு இரையாக்கிய விடுதிகள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருந்தன. அந்தப் பெண்களில் பலர் தம் பிள்ளைகளிடம்கூட வாய் திறக்காமலே மறைந்தார்கள். அப்படிப்பட்ட ஒரு பாட்டியின் பேத்தி நம் சபையிலும் உட்கார்ந்திருக்கலாம்.

ஆகவே போதகர்கள் இப்பகுதியைத் தாண்டிப் போகாமல் மேடையிலேயே எடுக்கவேண்டும் என்று கேட்கிறேன். அப்போது புலம்பல் 5:11ஐயும் சேர்த்து வாசிக்கட்டும், கி.மு. 6ஆம் நூற்றாண்டில் எருசலேம் விழுந்தபோது, சீயோன் எனப்பட்ட அந்நகரின் பெண்களுக்கு அந்நியப் படை இழைத்த கொடுமையை அந்த வசனம் மறைக்காமல் சொல்கிறது.