720 ரூபாய் வித்தியாசம்

பி.காம். முடித்துப் பாளையங்கோட்டையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் சேர்ந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. என்னோடு சேர்ந்த ஐந்து பேரில் மூவர் விலகிவிட்டார்கள். சம்பளம் போதவில்லை என்றுதான் மூவரும் சொன்னார்கள். அது உண்மைதான், ஆனால் அதே சம்பளத்தில் நான் ஏன் இருக்கிறேன் என்பதற்கு அது பதிலாகாது.

முதல் ஒன்றரை ஆண்டு எனக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவது மட்டுமே வேலை. கடைக்காரர்கள் மஞ்சப்பையில் கட்டிக் கொடுத்தனுப்பும் பில்களில் பாதி எழுத்து மங்கிப்போயிருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் தொகையைப் படிக்க வேண்டும். மாதம் என்பது 11ஆம் தேதி விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவம், 20ஆம் தேதி ஜிஎஸ்டி வரியைக் கணக்கிட்டுக் கட்டும் 3பி படிவம் என்று இரண்டு நாள்களாகச் சுருங்கிவிட்டது. யாருக்கு லாபம், யாருக்கு நட்டம் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை.

ஒரு நாள் வங்கிக் கணக்கு 720 ரூபாய் ஒத்துவராமல் இரண்டு மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தேன். முப்பது ஆண்டு அனுபவமுள்ள எங்கள் அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "எதுக்குடே அலையுத? ஒம்போதால வகுபடுதான்னு பாரு" என்றார். வகுபட்டது. அப்படியானால் அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு என்று விளக்கினார். 2,910 ரூபாய்க் காசோலையை 2,190 என்று ஏற்றியிருந்தேன். கல்லூரியில் மூன்றாண்டு படித்தும் இதை எவரும் சொல்லித் தரவில்லை.

அதன்பின் அவர் ஓர் அரிசி ஆலையின் கணக்கை, கொள்முதல் பில் தொடங்கி ஐந்தொகை (பேலன்ஸ் ஷீட்) வரை, முழுதாக என்னிடம் விட்டார். 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, லேபிள் ஒட்டிய அரிசிப் பைகளுக்கு 5 சதவீத வரி வந்ததால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை தோன்றியது என்பதை அந்த ஆலையின் விற்பனைப் பில்களிலிருந்தே புரிந்துகொண்டேன். வீட்டில் அம்மா இறக்கி வைத்த மூட்டையைக் காட்டி அதை விளக்கிய அன்றுதான், என் வேலையைப் பற்றி வீட்டில் முதன்முறையாகப் பேசினேன்.

புதிதாக வருபவர்களுக்கு மூன்றாம் மாதமே ஒரு சிறு கடையின் கணக்கை முழுதாகக் கொடுக்கலாம் என்று ஆடிட்டரிடம் சொல்லிப் பார்த்தேன். பிழை நேர்ந்தால் கட்சிக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் தாம்தான் என்று தயங்குகிறார். அதிலும் நியாயம் இருக்கிறது. இப்போதைக்குப் புதிய பையனை அரிசி ஆலைக் கணக்கில் என் பக்கத்தில் உட்கார்த்தி வைத்திருக்கிறேன்.