பழைய எஞ்சின்ல எத்தனை பேரு கை வச்சிருக்காங்க

30, 40 வருஷம் ஓடின பைக் எஞ்சின்ல ஒரே ஒரு கோளாறு மட்டும் இருந்து நான் பாத்தது ரொம்ப கம்மி. புது வண்டின்னா ஒரு சென்சார் போகும், ஒரு வயர் அறுந்துருக்கும், மாத்துனா முடிஞ்சுது. பழைய பாயிண்ட் (பிளக்குல பொறி வர கரண்ட அறுத்து விடற சின்ன சுவிட்ச்), கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பறது, சுருக்கமா கார்ப்) வண்டி அப்படி இல்ல. அதுல ஒரு கோளாறு வந்தப்போ யாரோ ஒருத்தர் அத சரி பண்ணாம வேற எதையோ திருகி சமாளிச்சிருப்பாரு, அப்புறம் அந்த சமாளிப்பால வந்த கோளாற இன்னொருத்தர் வேற ஒன்ன திருகி சமாளிச்சிருப்பாரு, கடைசியா நம்ம கைக்கு வரும்போது எஞ்சின் ஓடும், ஆனா ஒன்னுகூட இருக்க வேண்டிய இடத்துல இருக்காது.

அதனால வண்டி வந்ததும் ஸ்பேனர எடுக்கறதில்ல, பேச்சு குடுப்பேன். "என்ன பண்ணுது"ன்னு கேட்டா எல்லாரும் சொல்ற பதில் ஒன்னுதான், "மிஸ் அடிக்குதுண்ணே, இழுவை இல்ல". அதுல ஒன்னும் கிடைக்காது. எப்ப பண்ணுதுன்னு கேக்கணும். காலைல ஸ்டார்ட் பண்ண உடனேயா, சூடு ஏறினப்புறமா? கொஞ்சம் த்ரோட்டில் குடுத்தா, இல்ல முழுசா முறுக்கினாவா? நின்னு போனா உடனே ஸ்டார்ட் ஆகுதா, ஆறணுமா? இந்த மூணு கேள்விக்கு ஒழுங்கா பதில் வந்தா பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும். கொஞ்ச நேரம் நல்லா ஓடி அப்படியே மூச்சு திணறி நிக்குது, கொஞ்சம் நிறுத்தி வச்சா திரும்ப ஓடுதுன்னு சொன்னா, எல்லாரும் கார்ப கழட்டுவாங்க, நான் டேங்க் மூடிய தொறந்து பாக்க சொல்லுவேன். மூடில இருக்கற காத்து ஓட்டை அடைச்சிருந்தா உள்ள வெற்றிடமாகி பெட்ரோல் இறங்காது, மூடிய தொறந்த உடனே புஸ்ஸுன்னு காத்து உள்ள போற சத்தம் கேட்டா அதுதான். ஒரு ஊசி போதும் அதுக்கு.

சூடு ஏறினா மட்டும் மிஸ் அடிக்கற வண்டின்னா என் சந்தேகம் கண்டென்சர் (பாயிண்ட் முனை கருகாம காக்கறது) மேலதான் போகும், அதுக்கப்புறம் காயில் (பேட்டரி வோல்டேஜ பொறி வர்ற அளவுக்கு ஏத்தறது). ரெண்டுமே ஆறி இருக்கும்போது நல்லவன் மாதிரி நடிக்கும், மீட்டர்ல வச்சாலும் சரியாதான் காட்டும், சூட்டுலதான் உண்மை வெளிய வரும். பாயிண்ட தொறந்து பாத்தா ஒரு பக்கம் மேடு, எதிர் பக்கம் பள்ளம், அதாவது ஒரு முனைல இருந்த உலோகம் இன்னொரு முனைக்கு போய் ஒட்டியிருக்குன்னா கண்டென்சர் சரியில்லன்னு எடுத்துக்கலாம். சும்மா எம்ரி பேப்பர் வச்சு தேச்சு விட்டா கொஞ்ச நாள் ஓடும், அவ்ளோதான். இதுல இன்னொரு வேடிக்கை, பிளக்க கழட்டி எஞ்சின் மேல வச்சு கிக்கர் அடிச்சு "பாருங்க கரண்டு நல்லா வருதே"ன்னு சொல்றது. வெளிக்காத்துல பொறி தாண்டறது சுலபம், சிலிண்டர் உள்ள அழுத்தத்துல அதே இடைவெளிய தாண்ட இன்னும் நிறைய வோல்டேஜ் வேணும். வெளிய வந்த கரண்டு உள்ள வருதுன்னு ஒரு உத்தரவாதமும் இல்ல.

நான் போற வரிசை எப்பவும் ஒன்னுதான். முதல்ல எஞ்சினோட உடம்பு, அதாவது கம்ப்ரஷனும் (சிலிண்டர் உள்ள வர்ற அழுத்தம்) டேப்பட்டும் (வால்வு இடைவெளி). அப்புறம் கரண்டு. கார்புரேட்டர் கடைசி. கார்ப் கோளாறுன்னு வர்றதுல முக்கால்வாசி கரண்டு கோளாறுன்னு தொழில் கத்துக்குடுத்தவரு அடிக்கடி சொல்லுவாரு, கொஞ்சம் மிகைதான், ஆனா வரிசைக்கு காரணம் இருக்கு. வால்வு சரியா மூடலன்னாலோ டைமிங் (பொறி வர்ற நேரம்) தப்பா இருந்தாலோ கார்ப்ல என்ன செட்டிங் வச்சாலும் அது அந்த கோளாறுக்கு ஏத்த செட்டிங்காதான் இருக்கும், எஞ்சினுக்கு ஏத்ததா இருக்காது. கம்ப்ரஷன் பாக்கும்போது த்ரோட்டில முழுசா தொறந்து வச்சு பாக்கணும், இல்லன்னா காத்தே உள்ள போகாம கேஜ் கம்மியா காட்டும். கம்மியா வந்தா பிளக் ஓட்டை வழியா கொஞ்சம் எஞ்சின் ஆயில் ஊத்தி மறுபடி அடிச்சு பாப்பேன், ஏறுச்சுன்னா ரிங், ஏறலன்னா வால்வு இல்லன்னா ஹெட் கேஸ்கெட்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். ஒரு 350 சிசி சிங்கிள் சிலிண்டர் வந்துது, பாக்க கண்ண பறிக்கும், ஃப்ரேம் எல்லாம் புதுசா பவுடர் கோட்டிங், க்ரோம் பளபளன்னு, ஆனா ஐடிலிங் (த்ரோட்டில் குடுக்காம எஞ்சின் தானா ஓடறது) நிக்காது, நின்னா ஏறி இறங்கிட்டே இருக்கும், ரோட்டுல இழுவை இல்ல, சைலன்சர் பைப் தலைப்பக்கம் நீலம் பாஞ்சிருக்கு, பிளக் கரி மாதிரி கருப்பு. இத தனித்தனியா பாத்தா ஒன்னுக்கொன்னு பொருந்தவே இல்ல. பிளக் கருப்புன்னா பெட்ரோல் ஜாஸ்தி. ஐடிலிங் ஏறி இறங்கினா காத்து ஜாஸ்தி. பைப் நீலம்னா சூடு ஜாஸ்தி. ஒரே எஞ்சின் எப்படி ரெண்டு பக்கமும் தப்பா இருக்கும்?

பாயிண்ட் இடைவெளிய ஃபீலர் கேஜ் வச்சு பாத்தேன், அந்த வண்டிக்கு 0.35ல இருந்து 0.40 மில்லிமீட்டர் இருக்கணும், அதுல பாதி கூட இல்ல. கேம் மேல உரசற ஃபைபர் துண்டு தேய தேய இடைவெளி தானா குறையும், குறைஞ்சா பாயிண்ட் லேட்டா தொறக்கும், அப்ப டைமிங்கும் லேட். லேட்டா எரியற பெட்ரோலோட சூடு பிஸ்டன தள்றதுக்கு பதிலா பைப்புக்குள்ள போகுது, நீலத்துக்கு அதுதான் கதை. கேம் பக்கத்துல இருக்கற ஃபெல்ட்டுல ஒரு சொட்டு ஆயில் விட்டிருந்தா இவ்ளோ சீக்கிரம் தேஞ்சிருக்காது. இடைவெளி வச்சு, ஒரு பல்ப பாயிண்டுக்கும் எர்த்துக்கும் நடுவுல மாட்டி, எந்த இடத்துல பல்ப் எரிய ஆரம்பிக்குதுன்னு பாத்து டைமிங் வச்சேன். பேட்டரி, காயில், பாயிண்ட் வச்ச இந்த இக்னிஷன 1910 வாக்குல சார்லஸ் கெட்டரிங் கொண்டு வந்தாரு, இன்னிக்கு வரைக்கும் ஒரு பல்ப் இருந்தா அத செக் பண்ணிடலாம்ங்கறது எனக்கு பெரிய ஆச்சரியம்தான்.

அப்புறம் எர்த். பெயிண்ட் வேலை முடிஞ்சு அழகா வந்த வண்டில இது அடிக்கடி மாட்டும், பவுடர் கோட்டிங் கரண்ட கடத்தாது, போல்ட் உக்கார்ற இடத்துல சுரண்டி விடலன்னா எஞ்சினுக்கும் பேட்டரிக்கும் நடுவுல எர்த் அரையும் குறையுமாதான் இருக்கும். காயிலுக்கு வர்ற வோல்டேஜையும் பேட்டரி வோல்டேஜையும் ஒப்பிட்டு பாத்தாலே தெரிஞ்சிடும். 12 வோல்ட் வண்டில அரை வோல்ட் குறைஞ்சா பெருசா தெரியாது, 6 வோல்ட் வண்டில அது கிட்டத்தட்ட 8 சதவீதம், கிக்கர் அடிக்கறவன் கால்ல தெரியும்.

கரண்டு பக்கம் முடிச்சு ஸ்டார்ட் பண்ணா இழுவை வந்துடுச்சு, ஐடிலிங் மட்டும் அதே ஆட்டம். இன்டேக் மேனிஃபோல்டு ஓரத்துல கார்ப் க்ளீனர் லேசா அடிச்சேன் (சூடான எஞ்சின்ல இத பண்றது ஆபத்து, தீ புடிக்கும், எஞ்சின் ஆறியிருக்கும்போது கொஞ்சமா பண்ணணும்), உடனே ஐடிலிங் மாறுச்சு, அப்ப அங்க காத்து கசியுதுன்னு அர்த்தம். கார்ப் ஃப்ளாஞ்ச (கார்ப் மேனிஃபோல்டோட சேர்ற தட்டை முகம்) கழட்டி கண்ணாடி மேல வச்சு பாத்தா ரெண்டு ஓரமும் வளைஞ்சிருக்கு. லீக் ஆகுதுன்னு நட்ட இறுக்கி இறுக்கியே வளைச்சிருக்காங்க. கண்ணாடி மேல எம்ரி பேப்பர் போட்டு தட்டையா தேச்சு, புது கேஸ்கெட் போட்டு மாட்டினேன்.

வண்டி முன்ன விட மோசமா ஓடுச்சு.

இந்த இடத்துலதான் பழைய வண்டி வேலை பாக்கறவனுக்கு பேரு கெடும். பக்கத்துல நின்ன ஓனர் மூஞ்சி மாறிடுச்சு, "முன்னாடியாவது நின்னு ஓடிச்சேண்ணே"ன்னாரு. அவர் சொன்னது பொய் இல்ல. ஃப்ளாஞ்ச் வழியா காத்து உள்ள போனதால கலவை லீன் ஆச்சு (காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி), அத சமாளிக்க யாரோ ஏர் ஸ்க்ரூவ (ஐடிலிங் கலவைக்கு காத்த கூட்டி குறைக்கற திருகு) முழுசா உள்ள இறுக்கி, நீடில (பெட்ரோல் போற வழிய கட்டுப்படுத்தற ஊசி) ஒரு காடி மேல தூக்கி, பெட்ரோல ஏத்தி விட்டிருக்காரு. காத்து ஓட்டைய நான் அடைச்சதும் அந்த எக்ஸ்ட்ரா பெட்ரோல் மட்டும் மிச்சம், எஞ்சின் நனைஞ்சு திணறுது. கருப்பு பிளக்குக்கும் ஏறி இறங்கின ஐடிலிங்குக்கும் விடை ஒன்னுதான். இன்டேக் லீக் ஐடிலிங்லதான் அதிகமா அடிக்கும், ஏன்னா அப்ப உறிஞ்சற வேகம் ஜாஸ்தி, கார்ப் வழியா போற காத்து கம்மி. த்ரோட்டில் கொஞ்சம் தொறந்துட்டா லீக்கோட பங்கு கரைஞ்சு போய் தூக்கி விட்ட நீடில்தான் பேசும். கீழ லீன், நடுவுல ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி).

கார்ப்ல எந்த ஜெட் (பெட்ரோல் வர்ற சின்ன துளை) எப்ப வேலை செய்யுதுன்னு தெரியாம கை வைக்கறதோட விளைவு இது. கைப்பிடி எட்டுல ஒரு பங்கு தொறக்கற வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதுக்கு மேல கால் பங்கு வரைக்கும் ஸ்லைடோட (த்ரோட்டில் முறுக்கினா மேல ஏறற அடைப்பு) வெட்டு, கால்ல இருந்து முக்கால் வரைக்கும் நீடில், முக்காலுக்கு மேல மெயின் ஜெட். நடுவுல திணறுதுன்னு மெயின் ஜெட்ட மாத்தறதுல அர்த்தமே இல்ல. கைப்பிடில டேப் ஒட்டி மார்க் பண்ணிட்டு ஓட்டி பாத்தா எந்த இடத்துல கோளாறுன்னு தெளிவா தெரியும், காசு செலவில்லாத வேலை, ஆனா பண்றவங்கள நான் பாக்கறது அரிது.

ஏர் ஸ்க்ரூ, நீடில் ரெண்டையும் மேனுவல்ல இருக்கற இடத்துக்கே கொண்டு வந்தேன், ஒன்ன மாத்தறது, ஓட்டறது, பிளக்க பாக்கறது, அப்புறம்தான் அடுத்தது. ரெண்ட ஒரே நேரத்துல மாத்தினா எது வேலை செஞ்சுதுன்னு நமக்கே தெரியாது, நாமளும் அந்த சமாளிப்பு வரிசைல ஒருத்தராயிடுவோம். மேனுவல் அளவும் வேதம் இல்ல. அந்த எஞ்சின் வடிவமைச்சப்போ எத்தனால் கலந்த பெட்ரோல் கிடையாது, 10 சதவீதம் எத்தனால் இருந்தாலே அதே ஜெட்ல கலவை 4 சதவீதம் போல லீன் ஆகுது, அதனால மெயின் ஜெட் ஒரு சைஸ் பெருசு தேவைப்படலாம். ஆனா அது அடிப்படை எல்லாம் சரியானதுக்கு அப்புறம் யோசிக்க வேண்டியது, எல்லா கோளாறுக்கும் எத்தனால்தான் காரணம்னு சொல்றது இப்ப ஒரு ஃபேஷனாயிடுச்சு.

ஸ்லைடு தேய்மானம் மட்டும் அந்த வண்டில பாக்கி. ஐடிலிங் புது கார்ப் மாதிரி நிக்காதுன்னு ஓனர்கிட்ட சொல்லிட்டேன், அவரும் ஒத்துக்கிட்டாரு. வேலை முடிச்ச ராத்திரியே வண்டிய குடுக்கறதும் இல்ல, மறுநாள் காலைல முழுசா ஆறின எஞ்சின நானே கிக்கர் அடிச்சு பாத்துட்டுதான் தருவேன்.

குடுக்கும்போது ஒரு அட்டைல பாயிண்ட் இடைவெளி, டைமிங், ஜெட் நம்பர், நீடில் எத்தனாவது காடி, ஏர் ஸ்க்ரூ எத்தனை சுத்துன்னு எழுதி டூல் பாக்ஸ்ல போட்டு விடுவேன், அடுத்து யார் தொறந்தாலும் எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு தெரியட்டும்னு. சில வண்டி திரும்ப வரும்போது அந்த அட்டைல வேற கையெழுத்துல ஒரு வரி சேந்திருக்கும். இந்த 350 திரும்ப வந்தப்போ "மெயின் ஜெட் மாத்தியது"ன்னு ஒருத்தர் நம்பரோட எழுதி வச்சிருந்தாரு, நல்ல மனுஷன். நீடிலையும் தூக்கினத மட்டும் எழுதல, அத பிளக் சொல்லிடுச்சு.